இரு கைகள் தாங்கிய அணி

பிறந்த ஊரை விட்டு வெளி மாநிலங்களில் குடியேறிய நாம், மாலை வேளைகளில் குடியிருப்பை அடுத்த மைதானத்தில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவதைக் கண்டிருக்கிறோம். மும்பையின் மாதுங்காவானாலும் தில்லியின் கரோல் பாகானாலும் காட்சி ஒன்றுதான். ஒவ்வொரு குடியிருப்பிலும் வேகமாகப் பந்து வீசும் பையன் ஒருவன் இருப்பான். அவன் இருக்கும் வரையில் அந்த அணிக்குத் தோல்வி இல்லை. மற்றவர்களுக்கு மட்டை பிடிக்கத் தெரியுமா, பந்தைத் தடுக்கத் தெரியுமா என்று எவரும் கேட்பதும் இல்லை. ஒரு நாள் அவனுடைய தகப்பனாருக்கு வேற்றூருக்கு மாற்றல் வந்துவிடும். அன்றுதான் அந்த அணியின் உண்மையான வலிமை இவ்வளவு என்பது தெரியவரும்.

இந்தச் சிறிய செய்தியே பெரிய அளவில், உலகறிய, ஒரு புகழ்பெற்ற அணிக்கு நேர்ந்தது. அமெரிக்க நாட்டின் பேஸ்பால் ஆட்டத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் என்ற அணி, 1963 முதல் 1966 வரையுள்ள நான்கே ஆண்டுகளில் மூன்று முறை தன் லீக்கில் முதலிடம் பெற்றது. மறு ஆண்டிலேயே, பத்து அணிகளில் எட்டாவதாக இறங்கிவிட்டது. அந்த ஏற்றமும் இறக்கமும் ஏன் நேர்ந்தன என்று இன்று சிறிது ஆராய்வோம்.

பேஸ்பால் நம்மில் பலருக்குப் பழக்கமில்லாத ஆட்டம். ஆயினும் கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு அதை விளக்குவது கடினமன்று. அங்கும் ஒருவர் பந்தை எறிகிறார், ஒருவர் மட்டையால் அடிக்கிறார், அடித்தவர் ஓடுகிறார். பந்தெறிபவரைப் பிட்சர் என்பார்கள். அவர் ஒரு சிறு மேட்டின்மேல் நின்று, 60 அடி 6 அங்குலத் தொலைவில் இருக்கும் இலக்கை நோக்கி, பந்து தரையில் படாதவாறு எறிய வேண்டும். ஆறு பந்துகள் முடிந்ததும் பந்தை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு ஓய்வெடுக்கும் வசதி அவருக்கு இல்லை. அக்காலத்தில் சிறந்த பிட்சர் ஒருவர் ஆட்டத்தின் ஒன்பது இன்னிங்ஸ்களையும் தாமே எறிந்து முடிப்பது வழக்கம். நூற்றுக்கு மேற்பட்ட பந்துகள். ஒவ்வொன்றையும் முழு பலத்தோடு எறிய வேண்டும். மூன்று நாள் ஓய்வுக்குப் பிறகு மறுபடியும் அதே வேலை. ஆகவேதான் அங்கே வெற்றியும் தோல்வியும் அணியின் கணக்கில் மட்டுமல்லாமல், பிட்சரின் பெயரிலும் எழுதப்படுகின்றன.

டாட்ஜர்ஸ் அணியும் நம்மைப் போலவே ஊர்விட்டு ஊர் வந்த அணி. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் வளர்ந்த அது, 1958-இல் நாட்டின் மறு கோடியிலுள்ள லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபெயர்ந்தது. அதனுடன் சென்றவர்களுள் இருவர் நம் கதையின் நாயகர்கள். ஒருவர் சாண்டி கோஃபாக்ஸ், இடக்கையர், புரூக்ளினில் பிறந்து, சொந்த ஊரைவிட்டு அணியோடு போனவர். மற்றவர் டான் டிரைஸ்டேல், வலக்கையர், லாஸ் ஏஞ்சல்ஸைச் சேர்ந்த வான் நைஸ் என்னும் இடத்தில் பிறந்தவராதலால், அணி குடிபெயர்ந்தபோது தம் வீட்டிற்கே திரும்பியவர்.

இருவரும் வேறு வேறு இயல்பினர். டிரைஸ்டேல் ஆறரை அடியை நெருங்கும் உயரமுடையவர். கையைப் பக்கவாட்டில் சுழற்றி எறிவார். மட்டையாளர் இலக்கை நெருங்கி நின்றால் அவருக்குப் பொறுக்காது. பந்து உடலை உரசிக்கொண்டு போகும். தம் அணியில் ஒருவர்மேல் பந்து பட்டால் எதிரணியில் இருவர்மேல் படும் என்பது அவர் வகுத்துக்கொண்ட கணக்கு. கோஃபாக்ஸோ அமைதியானவர். தொடக்கத்தில் அவரிடம் வேகம் இருந்தது; கட்டுப்பாடு இல்லை. முதல் ஆறு ஆண்டுகளில் அவர் பெற்ற வெற்றிகள் 36, தோல்விகள் 40. 1961-ஆம் ஆண்டுப் பயிற்சிக் காலத்தில், நார்ம் ஷெர்ரி என்ற சக ஆட்டக்காரர், இவ்வளவு பலங்கொண்டு எறிய வேண்டாம், சற்றுத் தளர்த்தி எறிந்து பாரும் என்று யோசனை சொன்னார். வேகத்தை விட முயன்றபோது வேகமும் குறையவில்லை, குறியும் கைவந்தது. அந்த ஆண்டில் 18 ஆட்டங்களில் வென்றார். அதன் பிறகு ஐந்து ஆண்டுகள் அவருக்கு நிகராக எறிந்தவர் எவரும் இலர் என்றே சொல்லலாம்.

1963-இல் கோஃபாக்ஸ் 25 ஆட்டங்களில் வென்று ஐந்தில்தான் தோற்றார். அந்த ஆண்டின் இறுதிப் போட்டியான உலகத் தொடரில், பெயர் பெற்ற நியூயார்க் யாங்கீஸ் அணியை டாட்ஜர்ஸ் தொடர்ச்சியாக நான்கு ஆட்டங்களில் வீழ்த்தியது. அந்த நான்கு ஆட்டங்களிலும் சேர்த்து யாங்கீஸ் எடுத்த ஓட்டங்கள் நான்கே நான்கு.

இந்த வெற்றியின் ஒளியில் ஒரு குறை மறைந்து கிடந்தது. அணியில் அடிக்க ஆள் இல்லை. 1965-ஆம் ஆண்டின் கணக்கைப் பார்ப்போம். அந்த ஆண்டு டாட்ஜர்ஸ் உலகத் தொடரை வென்றது. ஆனால் பருவம் முழுவதும் 162 ஆட்டங்களில் அவ்வணியினர் அடித்த ஹோம் ரன்கள் 78 மட்டுமே. நேஷனல் லீக்கில் அதைவிடக் குறைவாக அடித்த அணி இல்லை. மட்டை வீச்சில் நூற்றுக்கு முப்பது என்ற சராசரியை எட்டியவர் ஒரே ஒருவர். அவரும் மட்டையாளர் அல்லர், பந்தெறியும் டிரைஸ்டேல்!

அப்படியானால் எப்படி வென்றார்கள்? மோரி வில்ஸ் போன்ற வேகமான ஓட்டக்காரர்கள் எப்படியாவது ஒரு தளத்தை அடைவார்கள். எதிரணியினர் கண் அயர்ந்த நேரம் பார்த்து அடுத்த தளத்துக்கு ஓடிவிடுவார்கள். 1962-இல் வில்ஸ் இவ்வாறு 104 தளங்களைக் கவர்ந்தார். ஓர் ஓட்டம் கிடைத்தால் போதும்; மிச்சத்தைக் கோஃபாக்ஸும் டிரைஸ்டேலும் பார்த்துக்கொள்வார்கள். 1965 செப்டம்பர் 9-ஆம் நாள் சிகாகோ கப்ஸ் அணிக்கு எதிராகக் கோஃபாக்ஸ் எறிந்த ஆட்டம் இதற்குச் சிறந்த சான்று. எதிரணியின் 27 மட்டையாளர்கள் வரிசையாக வந்தார்கள். ஒருவர்கூட முதல் தளத்தை மிதிக்கவில்லை. அவர்களுள் 14 பேர் பந்தைத் தொட முடியாமலே ஆட்டமிழந்தனர். ஆனால் அன்றைக்கு டாட்ஜர்ஸ் எடுத்ததும் ஒரே ஓட்டந்தான். அதுவும் அடித்து வந்ததன்று. எதிரணியின் பிழையால் வந்தது.

அந்த ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸை வின் ஸ்கல்லி வானொலியில் வருணித்த விதம் இன்றும் பேசப்படுகிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் மக்கள் மைதானத்துக்கே டிரான்ஸிஸ்டரைக் கொண்டுபோய், கண்ணால் பார்ப்பதை அவர் குரலில் கேட்டு மகிழ்வார்களாம். கிரிக்கெட் வருணனையைக் காதில் வைத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போன தலைமுறையைக் கண்ட நமக்கு இது வியப்பாக இராது.

இவ்வளவு பாரத்தையும் தாங்கியவை இரண்டு கைகள். 1965-இல் கோஃபாக்ஸ் 335 இன்னிங்ஸுக்கு மேல் எறிந்தார். டிரைஸ்டேல் 308-க்கு மேல் எறிந்தார். இன்று ஒரு பருவத்தில் 200 இன்னிங்ஸைத் தாண்டுபவர்களே அரியர். அணியின் 97 வெற்றிகளில் இவ்விருவர் பெயரில் எழுதப்பட்டவை 49. அதாவது பாதிக்கு மேல்.

கை என்பது எலும்பும் நரம்பும் கொண்டது, இயந்திரம் அன்று. 1962-லேயே முதல் எச்சரிக்கை வந்தது. கோஃபாக்ஸின் இடக்கை விரலில் இரத்த ஓட்டம் குன்றி, அவர் பல வாரங்கள் ஆட முடியாமற்போயிற்று. முன்னணியில் இருந்த டாட்ஜர்ஸ், கடைசியில் சான்பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் அணியிடம் முதலிடத்தைப் பறிகொடுத்தது. 1964-இல் இரண்டாவது எச்சரிக்கை. ஆகஸ்டு மாதத்தில் கோஃபாக்ஸின் முழங்கை வீங்கியது. மூட்டு தேய்ந்து வாதம் கண்டிருப்பதாக மருத்துவர்கள் கூறினார்கள். முந்திய ஆண்டு உலகத் தொடரை வென்ற அணி அந்த ஆண்டு ஆறாவது இடத்துக்கு இறங்கியது.

நிர்வாகம் என்ன செய்தது? அணியிலேயே ஓங்கி அடிக்கக்கூடிய ஃபிராங்க் ஹோவர்டை வாஷிங்டன் அணிக்குக் கொடுத்து, கிளாட் ஆஸ்டீன் என்ற இன்னொரு பிட்சரை வாங்கியது. பந்தெறிபவர்களை நம்பி வந்த சங்கடத்துக்கு மேலும் ஒரு பந்தெறிபவரே மருந்து என்று கருதினார்கள் போலும். மறு ஆண்டில் அது பலனும் அளித்தது. ஆஸ்டீன் உலகத் தொடரில் ஒரு முக்கியமான ஆட்டத்தை வென்று கொடுத்தார். பலன் கிடைத்ததனாலேயே குறை கண்ணுக்குத் தெரியவில்லை.

கோஃபாக்ஸ் அந்தக் கையோடு இரண்டு ஆண்டுகள் ஆடினார். ஆட்டத்துக்கு முன் மிளகாயின் காரம் சேர்ந்த ஒரு களிம்பைத் தோளிலும் கையிலும் தேய்த்துக்கொள்வார். மிளகாய் அரைத்த கை எப்படி எரியும் என்பதை நம் வீட்டுப் பெண்மணிகளைக் கேட்டால் சொல்வார்கள். அந்த எரிச்சலை விரும்பிப் பூசிக்கொள்ளும் அளவுக்கு உள்ளே வலி இருந்தது. வலிக்கு மாத்திரைகள் உண்டு. மூட்டில் ஊசி உண்டு. ஆட்டம் முடிந்ததும் முழங்கையைப் பனிக்கட்டி நீரில் அமிழ்த்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

1965-ஆம் ஆண்டு உலகத் தொடரைப் பற்றி ஒரு செய்தியைக் கூறாமல் விட முடியாது. அதன் முதல் ஆட்டம் அக்டோபர் 6-ஆம் நாள் நடந்தது. அன்று யூதர்களுக்குரிய யோம் கிப்பூர் என்ற புனித நாள். யூதராகிய கோஃபாக்ஸ், அன்று ஆட இயலாது என்று கூறிவிட்டார். நாடே எதிர்பார்த்திருந்த ஆட்டம் அது. ஆனாலும் அவர் ஆரவாரமின்றி ஒதுங்கிக்கொண்டார். அவருக்குப் பதிலாக எறிந்த டிரைஸ்டேல் தோற்றார். பயிற்சியாளர் வால்டர் ஆல்ஸ்டன் பந்தை வாங்க வந்தபோது, நானும் யூதனாக இருந்திருக்கக்கூடாதா என்று இப்போது உமக்குத் தோன்றும் என டிரைஸ்டேல் வேடிக்கையாகச் சொன்னாராம். வேற்றூரில் வேலை பார்த்துக்கொண்டு நம் நோன்பையும் பண்டிகையையும் விடாமல் பேண முயலும் நமக்கு, கோஃபாக்ஸின் முடிவு எவ்வளவு கடினமானது என்பது விளங்கும்.

அந்தத் தொடரின் ஏழாவதும் இறுதியானதுமான ஆட்டத்தில் எறிந்தவரும் அவரே. இரண்டே நாள் ஓய்வு. வளைந்து விழும் பந்து அன்று அவருக்குக் கைகொடுக்கவில்லை. வேகப் பந்தை மட்டும் கொண்டு ஒன்பது இன்னிங்ஸ் எறிந்து, மின்னசோட்டா ட்வின்ஸ் அணியை ஓர் ஓட்டமும் எடுக்கவிடாமல் 2-0 என்று வென்றார்.

அடுத்து நடந்தது ஊதியப் போராட்டம். அந்நாளில் ஆட்டக்காரர்கள் தங்கள் விருப்பப்படி வேறு அணிக்குப் போக முடியாது. நிர்வாகம் சொன்ன ஊதியத்துக்கு ஆட வேண்டும். இல்லாவிட்டால் வீட்டில் இருக்க வேண்டும். ஒருவரிடம் பேசும்போது மற்றவர் குறைவாகத்தானே கேட்கிறார் என்று நிர்வாகம் சொல்லி வருவதை இரு நண்பர்களும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டபோது உணர்ந்தார்கள். 1966-ஆம் ஆண்டு தொடக்கத்தில் இருவரும் கைகோத்து நின்றார்கள்: மூன்று ஆண்டுகளுக்குப் பத்து இலட்சம் டாலர், இருவருக்கும் சரிபாதி, ஒருவர் இசையாமல் மற்றவர் கையெழுத்திடுவதில்லை. 32 நாள் பயிற்சிக்குப் போகாமல் இருந்தார்கள். முடிவில் ஓராண்டுக்கு மட்டும் கோஃபாக்ஸுக்கு 1,25,000 டாலரும் டிரைஸ்டேலுக்கு 1,10,000 டாலரும் என்று தீர்ந்தது. கேட்டது கிடைக்கவில்லை, ஆனால் இருவர் சேர்ந்து நின்றால் நிர்வாகம் இறங்கிவரும் என்பது தெரிந்தது. 1975-இல் நடுவர் தீர்ப்பொன்றின்மூலம் அந்தப் பழைய கட்டு அறுந்தது. அத்தீர்ப்பைப் பெற்ற இருவருள் ஒருவரான ஆண்டி மெஸ்ஸர்ஸ்மித்தும் டாட்ஜர்ஸ் அணியின் பிட்சராக இருந்தவரே.

1966-இல் கோஃபாக்ஸ் 27 ஆட்டங்களில் வென்றார். அதுவே அவர் வாழ்நாளில் ஓராண்டில் பெற்ற மிகுதியான வெற்றி. டிரைஸ்டேலின் கை மட்டும் சோர்வைக் காட்டத் தொடங்கியது. 13 வெற்றி, 16 தோல்வி. பருவத்தின் கடைசி நாளன்று பிலடெல்பியாவில் இரண்டு ஆட்டங்கள். முதலாவதில் டிரைஸ்டேல் எறிந்தும் அணி தோற்றது. வேறு வழியின்றி, இரண்டு நாள் ஓய்வே எடுத்திருந்த கோஃபாக்ஸை இரண்டாவதற்கு இறக்கினார்கள். அவர் வென்று முதலிடத்தை உறுதி செய்தார்.

அதற்குப் பின் வந்த உலகத் தொடரில் மறைந்திருந்த குறை வெளிப்பட்டது. பால்டிமோர் ஓரியோல்ஸ் அணி தொடர்ச்சியாக நான்கு ஆட்டங்களிலும் வென்றது. டாட்ஜர்ஸ் நான்கு ஆட்டங்களிலும் எடுத்த மொத்த ஓட்டங்கள் இரண்டு. கடைசி 33 இன்னிங்ஸ்களில் ஒன்றுகூட இல்லை. மூன்றாவது ஆட்டத்தில் ஆஸ்டீனும் நான்காவதில் டிரைஸ்டேலும் ஒரே ஓர் ஓட்டந்தான் விட்டுக்கொடுத்தார்கள், இருவரும் தோற்றார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் யாங்கீஸுக்கு எதைச் செய்தார்களோ, அதையே தாங்கள் இப்போது அனுபவித்தார்கள். ஓர் ஓட்டம் போதும் என்று வாழ்ந்த அணிக்கு அந்த ஓர் ஓட்டமும் கிடைக்காமற்போயிற்று.

1966 நவம்பர் 18-ஆம் நாள் கோஃபாக்ஸ் ஓய்வு பெறுவதாக அறிவித்தார். அப்போது அவருக்கு வயது முப்பது. ஆட்டத்துக்குப் பிறகும் நெடுங்காலம் வாழ வேண்டியிருக்கிறது. அந்த வாழ்வை முழு உடம்போடு வாழ விரும்புகிறேன் என்ற கருத்தை அவர் எளிமையாகச் சொன்னார். புகழின் உச்சியில், பணம் கைக்கு எட்டும் வேளையில், இது போதும் என்று சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்?

அதன் பின் வீழ்ச்சி விரைந்து வந்தது. அந்தக் குளிர்காலத்திலேயே வில்ஸ் பிட்ஸ்பர்க் அணிக்கு அனுப்பப்பட்டார். இரு முறை மட்டை வீச்சில் முதல்வராக விளங்கி, 1965-இல் கணுக்கால் முறிந்த டாமி டேவிஸ் நியூயார்க் மெட்ஸ் அணிக்குப் போனார். 1966-இல் 95 வெற்றி பெற்ற டாட்ஜர்ஸ் 1967-இல் 73 வெற்றியோடு நின்றது. 26 இலட்சமாக இருந்த பார்வையாளர் தொகை 16 இலட்சத்துச் சொச்சமாகச் சுருங்கியது.

ஒருவர் போனதால்தானே இது நேர்ந்தது என்று சொல்லிவிடலாம். அது பாதி உண்மை. 1966-இல் அணி எடுத்த ஓட்டங்கள் 606, 1967-இல் 519, 1968-இல் 470. கோஃபாக்ஸ் இருந்திருந்தாலும் அவர் மட்டை பிடித்து இந்தக் குறையை நிரப்பியிருக்க மாட்டார். 1968-இல் டிரைஸ்டேல் செய்த சாதனையே இதற்குச் சான்று. அவ்வாண்டு மே, ஜூன் மாதங்களில் அவர் தொடர்ந்து ஆறு ஆட்டங்களில் எதிரணிக்கு ஓர் ஓட்டமும் கொடுக்கவில்லை. ஐம்பத்தெட்டு இன்னிங்ஸுக்கு மேல் அந்தச் சங்கிலி நீண்டது. ஆயினும் பருவ முடிவில் அவருடைய கணக்கு 14 வெற்றி, 12 தோல்வி. அணிக்கோ வெற்றியைவிடத் தோல்வியே மிகுதி. மறு ஆண்டு தோள்பட்டை நைந்து, 33 வயதில் அவரும் விலகினார்.

பருவமழை பொய்க்காமல் பெய்யும் ஆண்டுகளில் ஏரியைத் தூர்வார வேண்டும் என்ற நினைவு ஊராருக்கு எழுவதில்லை. மழை நின்ற பிறகுதான் ஏரி மேடிட்டுப் போனது தெரிகிறது. டாட்ஜர்ஸ் நிர்வாகத்தாருக்கு நேர்ந்ததும் அதுவே. எட்டாவது இடத்துக்கு இறங்கிய பிறகு அவர்கள் தூர்வாரத் தொடங்கினார்கள். 1968-இல் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தபோது ஸ்டீவ் கார்வி, ரான் சே, டேவி லோப்ஸ் முதலிய இளைஞர்களைச் சேர்த்தார்கள். பொறுமையாகச் சிற்றணிகளில் ஆடவிட்டு அவர்களை வளர்த்தார்கள். 1974-இல் அணி மறுபடியும் தன் லீக்கில் முதலிடம் பெற்றது. 1981-இல் உலகத் தொடரையும் வென்றது.

நம் நாயகர்கள் என்ன ஆனார்கள்? கோஃபாக்ஸ் 1972-இல், தம் 36-ஆவது வயதில், பேஸ்பால் புகழ் மண்டபத்தில் இடம் பெற்றார். அதற்கு முன் அவ்வளவு இளம் வயதில் எவரும் தேர்ந்தெடுக்கப்பட்டதில்லை. டிரைஸ்டேலுக்கு 1984-இல் அந்தச் சிறப்புக் கிடைத்தது. ஆட்டத்தை விட்ட பின்னர் அவர் ஒலிபரப்பாளராகியிருந்தார். 1988-இல் அவருடைய நீண்ட சங்கிலிச் சாதனையை ஓரல் ஹெர்ஷைசர் என்ற இளைஞர் முறியடித்தார். அவரும் டாட்ஜர்ஸ் பிட்சரே. அன்று அந்த அணியின் ஆட்டங்களை ஒலிபரப்பி வந்தவர்களுள் டிரைஸ்டேலும் ஒருவர். தம் சாதனை வீழ்ந்ததைத் தம் வாயாலேயே நாட்டுக்குச் சொல்லி, இளைஞரை வாழ்த்தும் பேறு அவருக்கு வாய்த்தது. 1993-இல் அவர் காலமானார்.

அன்பர்களே, மீண்டும் நம் குடியிருப்பை அடுத்த மைதானத்துக்கு வருவோம். வேகமாக வீசும் அந்தப் பையனைப் புகழ்வதில் தவறில்லை. ஆனால் அவன் கை வலிக்கிறது என்று சொன்னால், இன்னும் ஓர் ஓவர் என்று கெஞ்சாமல் பந்தை வாங்கி, ஓரத்தில் நிற்கும் மற்றொரு பையனிடம் கொடுக்க நமக்கு மனம் வர வேண்டும். முதல் நாள் அவன் தோற்பான்; ஏன், முதல் மாதம் முழுவதுமே தோற்கலாம். அந்தத் தோல்வியைப் பொறுத்துக்கொள்ளும் அணிதான் நிலைக்கும். மைதானத்துக்கு மட்டுமன்று, ஒருவர் சம்பாத்தியத்தில் ஊரில் ஒரு குடும்பமும் இங்கே ஒரு குடும்பமும் நடக்கும் நம் வீடுகளுக்கும், ஒரே செயலாளரின் உழைப்பில் ஆண்டுக்கணக்காக நடக்கும் நம் தமிழ்ச் சங்கங்களுக்கும் இது பொருந்தும். தாங்குகிற கை வலியை வெளியே சொல்லாது. தாங்கப்படுகிற நாம்தான் கேட்டறிய வேண்டும்.